கருப்பொருள் குறுக்கெழுத்துப் புதிர் எப்படி உருவாகிறது?

குறுக்கெழுத்துப் புதிரை விரும்பி நிரப்புகிறவர்கள் பலர். அது எப்படி ஆக்கப்படுகிறது என்று கேட்டால், அவர்களுள் பெரும்பாலோர் சொல்லும் விடை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்: முதலில் ஒரு சொல்லை எழுத வேண்டும், அதன் ஓர் எழுத்திலிருந்து இன்னொரு சொல்லைக் கீழே இறக்க வேண்டும், சதுரம் நிறையும்வரை இப்படியே தொடர்ந்து, எஞ்சிய இடங்களில் கறுப்பு அடித்துவிட வேண்டும். கருப்பொருள் புதிர் என்றால், அந்தச் சொற்கள் எல்லாமே விளையாட்டைப் பற்றியோ விலங்குகளைப் பற்றியோ இருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. இந்த இரண்டு எண்ணங்களும் தவறானவை. முதலாவது வழியில் போனால் பாதியிலேயே முட்டிக்கொண்டு நிற்க நேரும். இரண்டாவது எண்ணம் கருப்பொருள் என்பதன் சுவையையே கெடுத்துவிடும். புதிராக்கத்தில் கைவைக்க நினைக்கும் புதியவர்களுக்காக, உள்ளே நடப்பது என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டை முழுவதும் பின்தொடர்ந்து இங்கே விளக்குகிறேன்.

கருப்பொருள் எனப்படுவது

பயணத்துக்குப் பெட்டி அடுக்குவதை நினைத்துக்கொள்ளலாம். பெரிய பொருள்களை முதலில் வைத்துவிட்டுச் சிறியவற்றை இடுக்குகளில் செருகுகிறவருக்குப் பெட்டி மூடும். சிறியவற்றை முதலில் பரப்பியவருக்குப் பெரிய பொருள் எந்தப் பக்கமாகத் திருப்பினாலும் உள்ளே போகாது. குறுக்கெழுத்திலும் பெரிய பொருள்கள் உண்டு. அவை எண்ணிக்கையில் குறைவு, நீளத்தில் அதிகம், ஒன்றோடொன்று உறவுடையவை. இவற்றையே கருப்பொருள் சொற்கள் என்கிறோம். ஒரு புதிரில் இவை மூன்று முதல் ஐந்தாறு வரை இருந்தால் போதும். மற்றச் சொற்கள் அனைத்தும் நிரப்புச் சொற்கள். அவற்றுக்கும் கருப்பொருளுக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை; சொல்லப்போனால், தொடர்பு இல்லாமல் இருப்பதே நல்லது. அந்த நிரப்புச் சொற்களின் நடுவே நீண்ட விடைகள் மட்டும் ஒரே இழையில் நிற்பதால்தான், அந்த இழையைக் கண்டுபிடிக்கும் கணம் நிரப்புகிறவருக்கு மகிழ்ச்சி தருகிறது. எல்லாச் சொற்களும் விலங்குகளாகவே இருந்தால் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

இந்த வடிவம் ஒரே நாளில் தோன்றியதன்று. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் வெளியிட்ட வைர வடிவப் புதிரையே நவீனக் குறுக்கெழுத்தின் தொடக்கமாகக் கருதுகிறார்கள். கருப்பொருள் என்ற கட்டுமானம் பின்னாளில் படிப்படியாக உருப்பெற்றது. ‘நியூயார்க் டைம்ஸ்’ 1942-இல் மார்கரெட் ஃபாரரை ஆசிரியராகக் கொண்டு புதிரை வெளியிடத் தொடங்கியது. இன்று அதன் வார நாள் புதிர்கள் வழக்கமாக 15-க்கு 15, ஞாயிற்றுக்கிழமைப் புதிர் 21-க்கு 21 கட்டங்கள் என்ற அளவில் வருகின்றன. அவற்றுள் வெள்ளி, சனி நீங்கலாக மற்ற நாள்களின் புதிர்களுக்குப் பொதுவாக ஒரு கருப்பொருள் இருக்கும்.

எது முதலில், எது பிறகு

கருப்பொருளைத் தீர்மானித்து அதற்கான நீண்ட சொற்களைச் சேர்ப்பது முதல் வேலை. அவற்றைச் சதுரத்துக்குள் எங்கெங்கே வைப்பது என்று முடிவு செய்வது இரண்டாவது. கறுப்புக் கட்டங்களை இடுவது மூன்றாவது. நிரப்புச் சொற்களைத் தேடிப் பொருத்துவது நான்காவது. குறிப்புகளை எழுதுவது கடைசி. இவ்வரிசை பலருக்கு வியப்பளிக்கிறது. ஏனென்றால் நிரப்புகிறவர் முதலில் காண்பது குறிப்பைத்தான். அவர் குறிப்பிலிருந்து சொல்லுக்குப் போகிறார். ஆக்குகிறவர் சொல்லிலிருந்து குறிப்புக்கு வருகிறார். எந்தச் சொல் எங்கே அமரும் என்பது உறுதியாகும்வரை அதற்குக் குறிப்பு எழுதுவது வீண் உழைப்பு. அழகான குறிப்பு கைவசம் இருக்கிறதே என்பதற்காகப் பொருந்தாத சொல்லை விடாப்பிடியாக வைத்திருக்கும் ஆபத்தும் அதில் உண்டு.

சுருங்கச் சொன்னால், கருப்பொருள் என்பது சில நீண்ட விடைகளுக்குள் மட்டும் ஓடும் பொது இழை. புதிர் அந்த விடைகளில் தொடங்கிக் குறிப்புகளில் முடிகிறது.

இழையைத் தேர்ந்தெடுத்தல்

கருப்பொருளில் பல வகைகள் உண்டு. ஒரே துறையைச் சேர்ந்த சொற்களைக் கோப்பது மிக எளிய வகை. சிறுவர் புதிர்களுக்கு அது போதும். நீண்ட சொற்கள் எல்லாம் ஒரே சொல்லில் தொடங்குவது அல்லது முடிவது அடுத்தது. பழக்கமான தொடர் ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றிப் புதுப்பொருள் வரச்செய்வது இன்னொன்று. எனக்கு மிகவும் பிடித்தது மறைவு வகை: ஒரு சொல்லுக்குள் வேறொரு சொல் ஒளிந்திருக்கும், அப்படி ஒளிந்திருப்பவை எல்லாம் ஓர் இனத்தைச் சேர்ந்தவையாக இருக்கும். எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்துச் சொல்லை வளர்க்கும் தமிழில் இவ்வகைக்கு வளம் மிக அதிகம். அதனால் இக்கட்டுரைக்கும் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

உடலுறுப்புகளைச் சொல்லின் இறுதியில் ஒளித்துவைப்போம். ‘கப்பல்’ என்ற சொல்லில் பல் இருக்கிறது. ‘விடுதலை’யில் தலை இருக்கிறது. ‘வருவாய்’, ‘செவ்வாய்’, ‘எழுவாய்’ மூன்றிலும் வாய் இருக்கிறது. ‘நம்பிக்கை’, ‘இயற்கை’, ‘வாழ்க்கை’ என்று கை வரும் சொற்களுக்குக் கணக்கில்லை. இந்த இடத்தில்தான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். உறுப்பின் பெயர் இருக்கிறது என்பதாலேயே ஒரு சொல் தகுதி பெற்றுவிடாது. ‘தும்பிக்கை’யைச் சேர்க்கலாமா? கூடாது, யானை அதைக் கையாகவே பயன்படுத்துகிறது, சொல்லும் அப்படித்தான் அமைந்திருக்கிறது, அங்கே எதுவும் மறைந்திருக்கவில்லை. ‘முழங்கை’யும் அவ்வாறே. ‘துறைமுகம்’ ஐயத்துக்குரியது: முகம் என்ற சொல் அதற்குள் தனிச்சொல்லாகவே வந்து சேர்ந்திருக்கிறது, கண்ணில் பட்டவுடன் பிரிந்துவிடும். ‘கப்பல்’ அப்படியன்று, ‘கப்’ என்றும் ‘பல்’ என்றும் யாரும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. ஆகவே அது சிறந்த மறைவு.

ஒலியை நம்பி ஏமாறவும் கூடாது. ‘கனகம்’ என்பதைக் காதால் கேட்டால் நகம் இருப்பதுபோல் தோன்றும். எழுதிப் பார்த்தால் அங்கே இருப்பது ‘ன’. அதேபோல ‘எதிர்காலம்’ என்பதில் கால் இல்லை. ‘கால’ என்பதே இருக்கிறது. குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு முழு எழுத்து என்பதால், ‘ல்’ வேறு, ‘ல’ வேறு.

இன்னொரு கட்டுப்பாடும் தேவை. ஒரே உறுப்பு இரண்டு முறை வரக்கூடாது. எல்லா மறைவுகளும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். சொல்லின் இறுதியில் ஒளிப்பது என்று முடிவு செய்தால் எல்லாவற்றிலும் இறுதியிலேயே ஒளிக்க வேண்டும். ‘படுதோல்வி’யின் நடுவில் தோல் இருப்பது அருமையான கண்டுபிடிப்புத்தான், இருந்தாலும் இந்தப் புதிரில் அதற்கு இடமில்லை. இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்காத புதிரில், நிரப்புகிறவர் இரண்டு விடைகளைக் கொண்டு மூன்றாவதை ஊகிக்க முடியாமல் போகும்.

கடைசியாக, திறவுச்சொல். கருப்பொருளின் இரகசியத்தைப் புதிருக்குள்ளேயே வெளிப்படுத்தும் விடை அது. எல்லாப் புதிருக்கும் அது கட்டாயமில்லை; நல்ல திறவுச்சொல் கிடைத்தாலோ புதிரின் மதிப்பு பல மடங்கு கூடும். நம்முடைய புதிருக்கு ‘உள்ளுறுப்பு’ என்ற சொல் கிடைக்கிறது. இதயமும் கல்லீரலும் உள்ளுறுப்புகள். சொல்லின் உள்ளே இருக்கும் உறுப்பும் உள்ளுறுப்புத்தானே!

நீளமும் சமச்சீரும்

சொற்கள் கிடைத்ததும் எண்ணத் தொடங்க வேண்டும். இனி, கட்டங்கள் அனைத்தும் சேர்ந்த முழுச் சதுரத்தை வலை என்று குறிப்பிடுகிறேன். பெரும்பாலான வலைகள் அரைச்சுற்றுச் சமச்சீர் உடையவை: வலையை 180 பாகை திருப்பி வைத்தாலும் கறுப்பும் வெள்ளையும் அதே இடங்களில் தெரியும். 13-க்கு 13 வலையில் மூன்றாம் வரிசையில் இரண்டாவது கட்டம் வெள்ளை என்றால், பதினோராம் வரிசையில் பன்னிரண்டாவது கட்டமும் வெள்ளையாகவே இருக்க வேண்டும். வரிசை எண்களைக் கூட்டினால் 14, மேலிருந்து கீழாக ஓடும் நிரல்களின் எண்களைக் கூட்டினாலும் 14 என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதன் விளைவு உடனே தெரியும். கருப்பொருள் சொற்கள் இணை இணையாக, ஒரே நீளத்தில் அமைய வேண்டும். இணையில்லாத ஒரே ஒரு சொல் இருந்தால் அது நடு வரிசையில் அமர வேண்டும். வலையின் பக்கம் ஒற்றைப்படை என்றால் அந்தச் சொல்லின் நீளமும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். எழுத்தெண்ணிக்கை ஒத்துவராததால் மனத்துக்குப் பிடித்த சொல்லைக் கைவிட நேர்வது இந்தக் கட்டத்தில்தான்.

‘உள்ளுறுப்பு’ ஆறெழுத்து: உ, ள், ளு, று, ப், பு. அதற்கு ஆறெழுத்து இணை வேண்டும். ‘விடுதலை’ நான்கெழுத்துத்தான், ஆனால் ‘பெண்விடுதலை’ ஆறு. வலைக்குள் சொல்லிடைவெளிக்கு இடமில்லை என்பதால் தொடர்களும் ஒரே சொல்போல் எழுதப்படும். அடுத்து, ‘தன்னம்பிக்கை’ ஏழெழுத்து: த, ன், ன, ம், பி, க், கை. ‘போர்க்கப்பல்’ என்பதும் ஏழு: போ, ர், க், க, ப், ப, ல். இவை ஓர் இணை. எஞ்சியது வாய். ‘வருவாய்’ நான்கு, நடு வரிசைக்கு ஆகாது. ‘நிகர வருவாய்’ என்று விரித்தால் ஏழாகிறது. ஒற்றைப்படை, நடுவில் அமரும். கை, வாய், பல், தலை என நான்கு உறுப்புகளும் ஒரு திறவுச்சொல்லும் இவ்வாறு சேர்ந்துவிட்டன.

தமிழ் எழுத்து விதிக்கும் நிபந்தனைகள்

ஆங்கிலப் புதிராக்க விதிகளை அப்படியே எடுத்துக்கொண்டு தமிழில் முயல்கிறவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். அமெரிக்க வலையில் ஒவ்வொரு வெள்ளைக் கட்டமும் குறுக்காக ஒரு சொல்லிலும் நெடுக்காக ஒரு சொல்லிலும் இடம்பெறும். அப்படி இரண்டு சொற்கள் பகிரும் கட்டத்தைச் சந்திப்பு என்போம். 26 எழுத்துகள் மட்டும் உள்ள மொழியில் எங்கும் சந்திப்பு என்பது கடினம் என்றாலும் இயலும் காரியம். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. இரண்டு சொற்கள் ஓரிடத்தில் ஒரே எழுத்தைக் கொண்டிருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதனால் ஒன்றுவிட்டு ஒரு கட்டத்தில் மட்டும் சந்திப்பு வரும் பிரிட்டிஷ் பாணிச் சல்லடை வலை தமிழுக்கு ஏற்றது. இதில் ஒற்றைப்படை வரிசைகளில் குறுக்குச் சொற்களும் ஒற்றைப்படை நிரல்களில் நெடுக்குச் சொற்களும் ஓடும். இரட்டை வரிசையும் இரட்டை நிரலும் கூடும் இடம் எப்போதும் கறுப்பு.

எண்ணிக்கையைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எந்த எழுத்தும் சொல்லின் முதலில் வரலாம். தமிழில் மெய்யெழுத்து சொல்லைத் தொடங்காது. ண, ழ, ள, ற, ன ஆகிய வரிசைகளும் தொடங்கா. ட, ர, ல வரிசைகளில் தொடங்குபவை டாக்டர், ரயில், லாரி போன்ற பிறமொழி வரவுகளே. சொல்லின் இறுதிக்கும் விதி உண்டு: க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்களில் இயல்பான தமிழ்ச்சொல் முடிவதில்லை.

இதை வலையில் பொருத்திப் பாருங்கள். ‘தன்னம்பிக்கை’யை வலையின் உச்சி வரிசையில் வைத்தால், அதன் எழுத்துகளிலிருந்து கீழே இறங்கும் சொற்கள் ன், ன, ம், க் ஆகியவற்றில் தொடங்க வேண்டியிருக்கும். அப்படிச் சொற்களே இல்லை. ‘உள்ளுறுப்பு’ இடது ஓரத்தில் நெடுக்காக நின்றாலும் இதே கதி: ள், ளு, று, ப் எதுவும் குறுக்குச் சொல்லைத் தொடங்காது. ஆகவே மெய்யெழுத்துகள் மிகுந்த கருப்பொருள் சொல்லை உச்சியிலும் இடது ஓரத்திலும் வைக்கக்கூடாது. ஒன்றிரண்டு வரிசைகள் உள்ளே தள்ளி வைத்தால், அந்த எழுத்துகள் நெடுக்குச் சொல்லின் நடுவெழுத்தாக மாறித் தொல்லை தீரும்.

தமிழ்ப் புதிர்களில் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்ற தலைப்புகளிலும் குறிப்புகள் வருவதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்பது என் கருத்து. சொல்லைத் திருப்பிப் போட்டால் இறுதியெழுத்து முதலில் வந்துவிடும்; தடை தளரும். பொதுப் புதிருக்கு அது பழகிப்போன உத்திதான். கருப்பொருள் புதிரில், அதுவும் மறைவு வகையில், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நிரப்புகிறவர் ஒளிந்திருக்கும் சொல்லைத் தேட வேண்டுமே தவிர, திசையோடு போராடக் கூடாது.

மேலே சொன்னவற்றின் சாரம் இது: இணை நீளங்கள் சமச்சீருக்காக, சல்லடை வலை தமிழ் எழுத்துகளின் பெருக்கத்துக்காக, கருப்பொருள் சொற்களை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளுவது மெய்யெழுத்துக்காக.

வலையில் அமர்த்திப் பார்த்தல்

13-க்கு 13 சல்லடை வலையை எடுத்துக்கொள்வோம். ‘தன்னம்பிக்கை’யை மூன்றாம் வரிசையில் 2 முதல் 8 வரையிலான கட்டங்களில் வைக்கிறேன். சமச்சீரின்படி ‘போர்க்கப்பல்’ பதினோராம் வரிசையில் 6 முதல் 12 வரை வரும். ‘நிகர வருவாய்’ நடுவரிசையான ஏழாவதில் 4 முதல் 10 வரை. அதன் இரு முனைகளிலும், அதாவது மூன்றாவது, பதினோராவது கட்டங்களில் கறுப்பு. இந்தக் கறுப்பு இரட்டிப்பாகப் பயன்படுகிறது: ‘பெண்விடுதலை’ பதினோராம் நிரலில் உச்சியிலிருந்து ஆறு கட்டம் இறங்கி அந்தக் கறுப்பில் முடிகிறது, ‘உள்ளுறுப்பு’ மூன்றாம் நிரலில் மற்றொரு கறுப்புக்குக் கீழே தொடங்கி அடிவரை செல்கிறது. மூன்று வரிசைகள் இப்படி அமையும்; ■ என்பது கறுப்புக் கட்டம், □ என்பது இன்னும் நிரப்பாத வெள்ளைக் கட்டம்:

3: ■ | த | ன் | ன | ம் | பி | க் | கை | ■ | க | வி | தை | ■

7: □ | ■ | ■ | நி | க | ர | வ | ரு | வா | ய் | ■ | ■ | □

11: ■ | உ | று | தி | ■ | போ | ர் | க் | க | ப் | ப | ல் | ■

மூன்றாம் வரிசையின் வலப்புறத்தில் ‘கவிதை’ வந்தது ஏன்? ‘பெண்விடுதலை’யின் மூன்றாம் எழுத்தான ‘வி’ அந்த இடத்தில் இறங்குகிறது. நடுவில் வி உள்ள மூன்றெழுத்துச் சொல் தேவைப்பட்டது. அதன் சமச்சீர் இடத்தில் ‘உள்ளுறுப்பு’வின் று இருக்கிறது, அங்கே ‘உறுதி’ பொருந்தியது.

‘தன்னம்பிக்கை’யை முதல் கட்டத்தில் தொடங்காமல் இரண்டாவதில் தொடங்கியதற்கும் காரணம் உண்டு. கை என்பது ஒரே எழுத்து, ஒரே கட்டம். அந்தக் கட்டத்தில் சந்திப்பு வந்தால், அதன் வழியாகச் செல்லும் நெடுக்குச் சொல்லுக்குள்ளும் கை புகுந்துவிடும். வருகை, தங்கை, கைதி என எதைப் போட்டாலும் இன்னோர் உறுப்பு தலைகாட்டும். ஒரு கட்டம் நகர்த்தியதால் சந்திப்புகள் ன், ம், க் ஆகிய மூன்றிலும் விழுகின்றன, கை தப்பிவிடுகிறது. இதற்கு ஒரு விலை உண்டு. ஏழெழுத்தில் மூன்றுக்கு மட்டுமே சந்திப்பின் துணை கிடைக்கிறது. பாதியாவது கிடைப்பது நல்லது என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆகவே இச்சொல்லுக்குக் குறிப்பைச் சற்று எளிதாக்க வேண்டும். மெய்யெழுத்துகள் கிடைப்பதும் சிறிய உதவியன்று: க் என்ற மெய்யைக் கண்டவுடன் அடுத்து வருவது பெரும்பாலும் க வரிசை எழுத்து என்று தமிழறிந்தவருக்குத் தெரிந்துவிடும்.

நிரப்புச் சொற்கள்

நடு நிரலான ஏழாவதைப் பார்ப்போம். மூன்று கருப்பொருள் சொற்களும் அதைக் கடக்கின்றன. மேலே க், நடுவில் வ, கீழே ர். மேலே நமக்குத் தேவை நடுவில் க் உள்ள மூன்றெழுத்துச் சொல். முதலில் மனத்தில் தோன்றுவது மூக்கு, அடுத்தது நாக்கு. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். இரண்டையும் விலக்க வேண்டும். உறுப்புகளை ஒளித்துவைத்திருக்கும் வலையில் ஓர் உறுப்பு வெளிப்படையாக நின்றால், அது கருப்பொருளின் பகுதியோ என்று நிரப்புகிறவர் குழம்புவார். அல்லது இரகசியம் முன்கூட்டியே உடைந்துவிடும். ‘தேக்கு’ போதும். நடுவில் வ வரும் இடத்துக்குக் ‘கவலை’. ர் வரும் இடத்துக்குப் ‘பார்வை’. நிரல் முழுவதையும் மேலிருந்து கீழாக எழுதினால்:

■ | தே | க் | கு | ■ | க | வ | லை | ■ | பா | ர் | வை | ■

இதைத் திருப்பி வைத்தாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடங்களில் நிற்கின்றன. இப்படி ஒவ்வொரு நிரலாக, வரிசையாக நிரப்பிக்கொண்டு போக வேண்டும். அதிகச் சந்திப்புகள் உள்ள மூலையிலிருந்து தொடங்குவது அறிவுடைமை. எளிய மூலைகள் காத்திருக்கும்.

நிரப்புச் சொல்லின் தரத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அகராதியில் இருக்கிறது என்பதாலேயே ஒரு சொல்லை வலைக்குள் இழுத்துவரக் கூடாது. யாரும் வழங்காத அருஞ்சொல்லை, அதே அளவு அறியப்படாத இன்னொரு பெயர்ச்சொல்லோடு சந்திக்க வைப்பது நிரப்புகிறவருக்கு இழைக்கும் அநீதி. அந்தச் சந்திப்பில் எந்த எழுத்து வரும் என்பதை அறிவாலோ ஊகத்தாலோ அடைய வழியே இருக்காது. ஓர் அருஞ்சொல் தவிர்க்க முடியாததாகிவிட்டால், அதைக் கடக்கும் சொற்கள் எல்லாம் எல்லோரும் அறிந்தவையாக இருக்கட்டும். அதன் வழியே புதுச்சொல் ஒன்றை நிரப்புகிறவர் கற்றுக்கொள்வார். அது புதிரின் சிறப்பாகவே மாறிவிடும். வந்தான், வந்தனர், வருவார் என்று வினைமுற்றுகளை இட்டு ஓட்டைகளை அடைப்பதும் தமிழில் எளிதாகக் கிடைக்கும் குறுக்கு வழி; ஒன்றிரண்டுக்கு மேல் வந்தால் புதிர் சுவையற்றுப் போகும்.

கணினி இந்த வேலையைச் செய்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்தால், ‘மூன்றெழுத்து, நடுவில் க்’ என்ற வகைத் தேடலைக் கணினி நொடியில் முடித்துத் தரும். அது பெரிய உதவி. ஆனால் ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் தமிழ் எழுத்தைச் சரியாக எண்ணுவதில்லை. யூனிகோடு முறையில் ‘கை’ என்பது க, ஐகாரக் குறி என இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. மெய்யெழுத்தும் அகரமேறிய எழுத்து, புள்ளி என இரண்டாகவே சேமிக்கப்படுகிறது. இதனால் ஏழெழுத்துத் ‘தன்னம்பிக்கை’யைக் கணினி பன்னிரண்டு என்று எண்ணும். எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் ஏற்பாடு உள்ள கருவியே தமிழுக்கு உதவும். மூக்கை விலக்கித் தேக்கை வைக்கும் முடிவை எடுக்க வேண்டியவர் எப்போதும் ஆக்குகிறவரே.

குறிப்புகள்

வலை நிறைந்தபின், சொற்கள் தொடங்கும் கட்டங்களுக்கு எண் இட வேண்டும்: மேல் வரிசையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாக. ஒரே கட்டத்தில் குறுக்குச் சொல்லும் நெடுக்குச் சொல்லும் தொடங்கினால் இரண்டுக்கும் ஒரே எண்.

கருப்பொருள் சொற்களுக்கான குறிப்புகள் மேற்பொருளை மட்டுமே பேச வேண்டும். போர்க்கப்பலுக்குப் ‘பீரங்கி தாங்கிக் கடலில் உலவும் கலம்’ என்று எழுதலாம். பல்லைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கக்கூடாது. நிகர வருவாய்க்குக் ‘கழிவுகள் போக மிஞ்சும் வரவு’. குறிப்பில் உள்ள சொல் விடையில் திரும்ப வரக்கூடாது என்பதால்தான் ‘வருமானம்’ என்று எழுதாமல் ‘வரவு’ என்கிறேன். அதிலும் ‘வரு’ என்ற வேர் ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றினால், ‘செலவு எல்லாம் கழிந்தபின் நிறுவனத்தின் கையில் எஞ்சுவது’ என்று மாற்றலாம். இப்படி மாற்றியதும் புதிய சிக்கல் ஒன்று முளைப்பதைக் கவனியுங்கள்: குறிப்பில் கை வந்துவிட்டது. ‘நிறுவனத்துக்கு எஞ்சுவது’ என்று முடித்தால் அதுவும் தீரும். குறிப்பெழுதும்போது தேவைப்படும் கவனம் இந்த அளவுக்கு நுண்மையானது.

குறிப்பும் விடையும் இலக்கணத்தில் ஒத்திருக்க வேண்டும். விடை பெயர்ச்சொல் என்றால் குறிப்பும் பெயராக முடிய வேண்டும். விடை பன்மை என்றால் குறிப்பும் பன்மை. ‘பார்வை’க்குக் ‘கண்ணால் காண்பது’ என்பது வழக்கமான குறிப்பு. நம் புதிரில் கண்ணைச் சொல்லக்கூடாது என்பதால் ‘கோணம் என்றும் பொருள்படும் நோக்கு’ என்று எழுதலாம்.

திறவுச்சொல்லின் குறிப்புக்கு மட்டும் இரண்டு முகங்கள். ‘இதயம், கல்லீரல் போன்றது, மற்ற நான்கு நீண்ட விடைகளின் இறுதியிலும் ஒளிந்திருப்பது’ என்று எழுதினால் இரண்டும் நிறைவேறும். திறவுச்சொல் வலையின் கீழ்ப்பகுதியில் இருப்பது நல்லது என்பதற்குக் காரணம் இதுதான்: மேலிருந்து நிரப்பிக்கொண்டு வருகிறவர், இரண்டு மூன்று நீண்ட விடைகளைக் கண்டபின் அதைச் சந்திக்க வேண்டும். பிறகு எஞ்சிய நீண்ட விடையை இழையின் துணையோடு கண்டுபிடிக்க வேண்டும். கருப்பொருள் என்பது அலங்காரமாக நின்றுவிடாமல் நிரப்புவதற்கே உதவும் கருவியாக மாறுவது அப்போதுதான்.

பிறரிடம் கொடுத்துப் பார்த்தல்

ஆக்கியவருக்குத் தம் புதிரின் கடினம் தெரியாது. விடைகள் எல்லாம் அவருக்கு முன்பே தெரியும். எனவே வெளியிடும் முன் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டும். அவர்கள் சிரமப்பட்டார்களா என்று கேட்பதைவிட, எந்தக் கட்டத்தில் எழுதி அழித்தார்கள், எந்த மூலை காலியாக நின்றது, திறவுச்சொல்லைக் கண்டபின் நீண்ட விடைகளை மறுபடி திரும்பிப் பார்த்தார்களா என்பவற்றைக் கவனிப்பதே பயன் தரும்.

குறை தெரிந்தால் திருத்துவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் குறிப்பை மாற்ற வேண்டும். பெரும்பாலான தடைகள் அதிலேயே நீங்கிவிடும். அது போதவில்லை என்றால் அந்த மூலையின் நிரப்புச் சொற்களைக் கலைத்துவிட்டு வேறு சொற்களை இட வேண்டும். ‘கவிதை’ இருந்த இடத்தில் ‘அவிழ்’ வரலாம், அதன் வழியே மூலை முழுதும் வேறுருவம் பெறலாம். அதற்கும் இடம் கொடுக்காத வலையில், கறுப்புக் கட்டம் ஒன்றை அதன் சமச்சீர் இணையோடு சேர்த்து நகர்த்திப் பார்க்க வேண்டும். கருப்பொருள் சொல்லை மாற்றும் முடிவு இவை எல்லாம் தோற்றபின் எடுக்க வேண்டியது. அப்போது அதே நீளத்தில், அதே இடத்தில் உறுப்பை ஒளித்த, அதே அளவு பழக்கமான வேறொரு சொல்லைத் தேடி முதற்பட்டியலுக்கே திரும்பிச் செல்ல வேண்டியிருக்கும்.